இடிக்கப்பட்ட படிக்கட்டு
அறிவியலை 'அறிமுகம்' செய்வதன் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

எட்டாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பொறியியல் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கல்லூரியே ஏற்பாடு செய்த கண்காட்சி. கிராமத்துப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தையும் பொறியியலையும் அறிமுகம் செய்து வைப்பதுதான் நோக்கம் என்று காலைப் பிரேயரில் தலைமையாசிரியர் சொன்னார். புளிச்சோறு கட்டிக்கொண்டு போனோம். ஒரு பெரிய கூடத்தில் எந்திரங்களை வரிசையாக நிறுத்தி, முன்னால் கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். மூன்றாவதாக நின்றது ஒரு லேத்து.

லேத்து எனக்குப் புதிதல்ல. என் சித்தப்பா லேத்துப் பட்டறையில் வேலை பார்த்தவர். லீவு நாட்களில் இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளுவது என் வேலை. எண்ணெய் விட, சக்குச் சாவியை எடுத்துத்தர, சத்தத்தை வைத்தே டூல் முனை மழுங்கிவிட்டது என்று சொல்ல எனக்குத் தெரியும். விளக்கம் சொல்ல நின்றிருந்த கல்லூரி மாணவரிடம், "அண்ணே, டூலு சென்டருக்குக் கீழ நிக்குது" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்கப்பா என்ன செய்யறாரு?" என்றார். சொன்னேன். "சரி சரி, லைன்ல போ" என்றார்.

அந்த மாணவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவருக்கு ஒரு பக்கம் விளக்கம் எழுதிக் கொடுத்திருந்தார்கள், மனப்பாடம் செய்து சொன்னார். அந்த ஏற்பாட்டுக்குள் எந்திரத்தைப் பற்றிப் பேசும் இடம் கயிற்றுக்கு உள்ளே இருந்தது. வெளியே நின்றவன் பேசினால் அது தகவல் அல்ல, ஒழுங்கீனம். அதனால்தான் நான் சொன்னது சரியா தப்பா என்று எந்திரத்தைத் திரும்பிப் பார்க்காமல், நான் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்தார்.

'அறிமுகம்' என்ற சொல்லை அதற்குப் பிறகு என்னால் சும்மா கடந்து போக முடிந்ததில்லை. முன்பின் தெரியாத இருவரைத்தான் அறிமுகம் செய்து வைப்போம். பட்டறையில் வளர்ந்தவனுக்கு எந்திரத்தையும், வயலில் வளர்ந்தவளுக்குச் செடியையும் அறிமுகம் செய்து வைப்பதென்றால், அவர்களுக்கு ஏற்கனவே தெரிந்ததை முதலில் அறிவு இல்லை என்று ஆக்க வேண்டியிருக்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. அதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

2

இன்று பல்கலைக்கழகங்கள் நடத்துகிற அறிவியல் அறிமுக நிகழ்ச்சிகளின் முன்மாதிரி என்று லண்டனிலுள்ள ராயல் இன்ஸ்டிட்யூஷனைச் சொல்வார்கள். அது பல்கலைக்கழகம் அல்ல. 1799இல் பணக்காரர்களின் சந்தாவில் தொடங்கப்பட்ட நிறுவனம். அறிவியலை அன்றாட வாழ்வின் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவது அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ரம்ஃபோர்டு பிரபு. கட்டட வேலையைப் பார்த்துக்கொண்டவர் தாமஸ் வெப்ஸ்டர். பின்னாளில் நிலவியலாளராக அறியப்பட்டவர்.

கைத்தொழிலாளர்களுக்கு அங்கே ஒரு பள்ளி நடத்த வேண்டும் என்பது வெப்ஸ்டரின் திட்டம். கொத்தர், தச்சர், கருமார், தகர வேலை செய்பவர் போன்றவர்கள் வந்து தங்கள் தொழிலுக்குப் பின்னாலுள்ள விதிகளைப் படிக்கலாம். சொற்பொழிவு அரங்கின் மேல்மாடத்தில் அவர்கள் உட்கார்ந்து கேட்பதற்காகத் தெருவிலிருந்தே நேராக ஏறும் ஒரு கல் படிக்கட்டும் கட்டப்பட்டது. தனிப் படிக்கட்டு! முன்வாசல் வழியாக வருகிற கனவான்களோடும் சீமாட்டிகளோடும் தொழிலாளி உரசிக்கொள்ளாமல் மேலே ஏறி, மேலேயே உட்கார்ந்து, அப்படியே இறங்கிப் போய்விட வேண்டும். இரட்டைக் குவளையை அறிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தத் தனிப் படிக்கட்டும்கூட நிலைக்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சியின் பீதி இங்கிலாந்தின் ஆளும் வர்க்கத்தைப் பிடித்தாட்டிய காலம் அது. 1799லும் 1800லும் தொழிலாளர்கள் கூட்டுச் சேருவதையே தடைசெய்து சட்டங்கள் வந்தன. கைத்தொழிலாளர்களுக்கு அறிவியல் சொல்லித் தருவது அபாயகரமான அரசியல் போக்கு உடையது என்று வெப்ஸ்டரிடம் சொல்லப்பட்டது. திட்டம் கைவிடப்பட்டது. கல் படிக்கட்டு இடிக்கப்பட்டது. இதை வெப்ஸ்டரே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார்.

இடிக்கப்பட்ட அந்தப் படிக்கட்டை அறிவியல் பரப்பலின் வரலாற்றில் ஒரு முக்கியமான ஆவணமாக நான் கருதுகிறேன். உள்ளே நடந்தவை பற்றி நூற்றுக்கணக்கான புத்தகங்கள் இருக்கின்றன. ஏறி வரவேண்டியவர்கள் வராமலே போனதைச் சொல்ல இந்தப் படிக்கட்டு ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் இல்லாமல்தான் இருக்கிறது.

3

உடனே மைக்கேல் ஃபாரடேயைக் காட்டுவார்கள். கருமான் மகன்; புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகிய பையன். 1812இல் வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த சீட்டில் ஹம்ஃப்ரி டேவியின் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டார். எடுத்த குறிப்புகளைத் தன் தொழில் திறமையால் அழகான புத்தகமாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813இல் ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்ந்தார். பிற்பாடு மின்னியலின் தந்தையானார். பாருங்கள், கதவு திறந்துதானே இருந்தது என்பார்கள்.

படிக்கட்டு இடிக்கப்பட்ட கட்டடத்துக்குள் ஃபாரடே ஒரு இலவசச் சீட்டில் நுழைந்தார் என்பதுதான் உண்மை. சீட்டு, ஒருவர் இன்னொருவருக்குக் காட்டும் தயவு. படிக்கட்டு, யார் தயவும் இல்லாமல் ஏறுவது. இரண்டும் ஒன்றல்ல. உள்ளே போன பிறகும் என்ன நடந்தது? 1813 முதல் 1815 வரை டேவி தம்பதியோடு ஐரோப்பா சுற்றியபோது ஆய்வு உதவியாளரான ஃபாரடே வேலைக்காரர் வேலையும் பார்க்க வேண்டியிருந்தது. டேவியின் மனைவி அவரை வேலையாள் என்றே நடத்தினார்.

1825இல் அதே இன்ஸ்டிட்யூஷன் சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளைத் தொடங்கியது. ஃபாரடே மட்டும் 19 முறை நிகழ்த்தினார். ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு எரிதல், காற்று, நீர், சுவாசம் என்று வேதியியல் முழுவதையும் விரித்துக் காட்டிய அவரது பேச்சுகள் 1861இல் புத்தகமாகி இன்றைக்கும் படிக்கப்படுகின்றன. அவற்றின் அழகை நான் மறுக்கவில்லை. ஏழை வீட்டில் பிறந்தவர் என்பதாலேயே மெழுகுவர்த்தி மாதிரி எல்லார் வீட்டிலும் இருக்கிற பொருளை அவர் எடுத்திருக்கலாம். ஆனால் அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள். மேடையில் கருமான் மகன். கூட்டத்தில் கருமான் வீட்டுப் பிள்ளைகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

4

படிக்கட்டை இடித்துவிட்டால் தொழிலாளர்கள் சும்மா இருப்பார்களா? கிளாஸ்கோவில் ஜார்ஜ் பர்க்பெக் என்ற பேராசிரியர் தன் சோதனைக் கருவிகளைச் செய்து வாங்கப் பட்டறைக்குப் போயிருந்தார். இது எப்படி வேலை செய்கிறது, எதற்கு என்று அங்கே இருந்தவர்கள் அவரைத் துளைத்தெடுத்தார்கள். அதன் விளைவாக 1800இல் அவர்களுக்கு இலவச வகுப்புகள் தொடங்கினார். இங்கே கவனிக்க வேண்டியது, கேள்வி பட்டறையில் பிறந்தது என்பதுதான். பேராசிரியர் அறிமுகம் செய்யப் போகவில்லை, அவர்தான் அகப்பட்டுக்கொண்டார்.

1823இல் கிளாஸ்கோ தொழிலாளர்கள் தங்களை நடத்திய நிறுவனத்தோடு முரண்பட்டுப் பிரிந்துபோய்த் தாங்களே ஒரு நிறுவனம் ஏற்படுத்திக்கொண்டார்கள். அதே ஆண்டு லண்டனில் கைத்தொழிலாளர் கல்விக் கழகம் உருவானது. அங்கே நடந்த சண்டை நமக்கு முக்கியமானது. கழகத்துக்கான அறைகூவலை விடுத்த தாமஸ் ஹாட்ஜ்ஸ்கினும் ராபர்ட்சனும், தொழிலாளர்களின் கல்வி தொழிலாளர்களின் காசில், அவர்களின் கட்டுப்பாட்டில் நடக்க வேண்டும் என்றார்கள். ஃபிரான்சிஸ் பிளேஸ் போன்றவர்கள் பணக்காரர்களிடம் நன்கொடை திரட்டினார்கள். நன்கொடை ஜெயித்தது. ஹாட்ஜ்ஸ்கின் 1825இல் மூலதனத்துக்கு எதிராக உழைப்பின் பக்கம் வாதாடும் நூலை வெளியிட்டார். பிற்காலத்தில் மார்க்ஸ் எடுத்தாண்ட நூல் அது. இயற்கை விஞ்ஞானம் சொல்லித் தரலாம், அரசியல் பொருளாதாரத்தை எந்தப் பக்கம் நின்று சொல்லித் தருவது என்பதில்தான் அந்தக் கழகங்கள் மாட்டிக்கொண்டன. தொழிலாளர்களை எதிர்ப்பிலிருந்து திசைதிருப்பவே முதலாளிகள் இக்கழகங்களில் இயற்கை விஞ்ஞானத்தை வளர்க்கிறார்கள் என்று 1845இல் எங்கல்ஸ் எழுதினார்.

எங்கல்ஸ் சொன்னதில் பாதிதான் சரி என்று இன்று தோன்றுகிறது. லண்டன் கழகம் 1830இல் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் ஒரு கல்லூரியானது. வேலை முடிந்து மாலையில் வந்து படிப்பவர்களின் கல்லூரியாக அது நிலைத்தது. அதிகாரம் கட்டிய கட்டடத்துக்குள்ளும் ஆட்கள் தங்கள் காரியத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். அதை ஒரேயடியாகச் சதி என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

நம் ஊருக்கு வருவோம். பொறியியலைச் சிறுவர்களுக்கு அறிமுகம் செய்த முதல் நிறுவனம் இங்கே 1794இல் தொடங்கியது. மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியால் எட்டு மாணவர்களோடு சென்னையில் ஏற்பட்ட நில அளவைப் பள்ளி. கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வேர் அதுதான். யாருடைய ஆர்வத்தையும் தூண்டுவதற்காக அது தொடங்கப்படவில்லை. கும்பினிக்கு நிலத்தை அளந்து வரி போட ஆள் தேவைப்பட்டது. ஏரியும் கலிங்கும் மதகும் கட்டிக் காத்த கைகள் இந்த மண்ணிலேயே இருந்தன. ஆனால் சங்கிலி பிடித்து அளந்து, வரைபடமாக்கி, கச்சேரிக்கு அனுப்புவது மட்டும்தான் 'பொறியியல்' என்று பெயர் பெற்றது. கயிறு அன்றைக்கே கட்டப்பட்டுவிட்டது.

5

இந்தக் கயிற்றை அறுக்க முயன்ற ஒரு சம்பவம் இந்தியாவில் நடந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டம். 2022இல் நர்மதாபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. 1972இல் அங்கே 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் பாடத்தை முற்றிலும் வேறு விதமாக நடத்தும் பரிசோதனை தொடங்கியது. தொடங்கியவை ரசூலியாவிலிருந்த குவேக்கர்களின் கிராம மையமும் கிஷோர் பாரதி என்ற அமைப்பும். கிஷோர் பாரதியை நிறுவிய அனில் சத்கோபால், பம்பாய் டாட்டா ஆய்வு நிறுவனத்தில் இருந்த மூலக்கூறு உயிரியலாளர். வேலையை விட்டுவிட்டுக் கிராமத்துக்கு வந்தவர். அடுத்த ஆண்டு தில்லிப் பல்கலைக்கழகத்து ஆசிரியர்கள் சேர்ந்தார்கள். அவர்கள் வகுப்பைவிட்டுக் கிராமத்துக்குப் போய்த் தங்கி வேலை செய்ய பல்கலைக்கழக மானியக் குழு உதவியது.

அவர்கள் கண்காட்சி வைக்கவில்லை. அரசுப் பள்ளியின் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பாடத்தையே கையிலெடுத்தார்கள். 'பால் வைக்யானிக்' என்று பெயரிட்ட புத்தகத்தில் விடைகள் கிடையாது. செய்து பார், பார்த்ததை எழுது, பக்கத்திலிருப்பவனோடு பேசு என்றுதான் இருக்கும். உதாரணமாக, பிள்ளைகள் வெளியே போய்ச் செடிகளை வேரோடு பிடுங்கி வருவார்கள். இலையின் நரம்பு வலை மாதிரி இருக்கிறதா, நேர்க்கோடாக இருக்கிறதா, வேர் ஆணிவேரா, சல்லிவேரா என்று அட்டவணை போடுவார்கள். வலை நரம்புக்கு ஆணிவேர், கோட்டு நரம்புக்குச் சல்லிவேர் என்ற ஒழுங்கு அவர்கள் கையிலேயே தட்டுப்படும். பொருந்தாத செடி ஒன்று அகப்பட்டால் வகுப்பில் சண்டை வரும். அந்தச் சண்டைதான் பாடம்.

தேர்விலும் மாற்றம். புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடி எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று பேசுவார்கள். பாடநூலைத் திருத்தும்போது அவர்கள் சொன்னதும் சேரும். குழந்தைகள் தங்கள் சந்தேகங்களைத் தபாலில் எழுதிக் கேட்க 'சவாலிராம்' என்று ஒரு கற்பனைப் பாத்திரம் இருந்தது. அப்பாவை, வாத்தியாரைக் கேட்டால் அடி விழும் கேள்விகளைச் சவாலிராமைக் கேட்கலாம். ஒரு கிராமத்துப் பள்ளிப் பிள்ளையின் கடிதத்துக்குப் பல்கலைக்கழகத்து விஞ்ஞானி உட்கார்ந்து பதில் தேடுகிறார் என்றால் அது சின்ன விஷயம் இல்லை. இங்கே கேள்வி கேட்பவர் யார், பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்ற ஏற்பாடு தலைகீழாகிறது.

1978இல் இது மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 1982இல் இந்த வேலையைத் தொடர ஏகலைவ்யா என்ற நிறுவனம் அமைந்தது. பின்பு பிற மாவட்டங்களுக்கும் போனது. 15 மாவட்டங்கள், ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகள், ஒரு லட்சம் குழந்தைகள் என்ற அளவுக்கு வளர்ந்த நிலையில், 2002இல் மாநில அரசு ஓர் ஆணையின் மூலம் மொத்தத்தையும் நிறுத்தியது. பழைய பாடநூல் திரும்ப வந்தது. ஏகலைவன் என்று பெயர் வைத்தால் கட்டைவிரலைக் கேட்கத்தான் செய்வார்கள் போலிருக்கிறது.

6

இந்த இடத்தில், 'பார்த்தீர்களா அரசின் அயோக்கியத்தனத்தை' என்று கட்டுரையை முடித்துவிடலாம். அது வசதியான முடிவு. ஆனால் நிறுத்தச் சொன்னவர்கள் வைத்த வாதங்களில் ஒன்றை நாம் முகத்துக்கு நேராகச் சந்திக்க வேண்டும். பக்கத்து மாவட்டத்துப் பிள்ளைகள் ஒரு புத்தகம் படிக்கும்போது எங்கள் பிள்ளைகள் மட்டும் ஏன் வேறொன்றைப் படிக்க வேண்டும்? பத்தாம் வகுப்புத் தேர்வில் அவர்கள் பின்தங்க மாட்டார்களா?

அரசியல்வாதிகள் இதைச் சொன்ன நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும். என் அம்மாவும் இதைத்தான் கேட்டிருப்பார். 'ஆர்வம் இருந்தா போதுமா, மார்க்கு வேணாமா?' ஏற்கனவே மேலே இருப்பவர் மனப்பாடக் கல்வியைப் பழிக்கலாம். அவர் பிள்ளைக்கு வேறு ஏணி இருக்கிறது. கீழே இருப்பவனுக்கு இருக்கிற ஒரே ஏணி மதிப்பெண்தான். அந்த ஏணியின் மேல்படிகள் அப்படியே இருக்க, எட்டாம் வகுப்புவரை மட்டும் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, ஒன்பதாம் வகுப்பில் பழையபடி மனப்பாடம் செய் என்று இறக்கிவிட்டால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? இது ஹோஷங்காபாத் தோழர்களின் தவறு அல்ல. நடுநிலைப் பள்ளிக்கு மேல் அவர்களுக்கு அனுமதி இருக்கவில்லை. ஆனால் பல்கலைக்கழகம் தன் ஆட்களைக் கிராமத்துக்கு அனுப்பிய அதே நேரத்தில் தன் வாசலில் கேட்கும் தேர்வை மாற்றிக்கொள்ளவில்லை என்பதை யோசிக்க வேண்டும். கிளம்பிப் போவது சுலபம். உள்ளே விடுவதுதான் கஷ்டம்.

உள்ளே விடுகிற வேலையைத் தமிழ்நாட்டில் செய்தது அறிவியல் கண்காட்சி அல்ல, அரசியல். இடஒதுக்கீட்டுப் போராட்டங்களின் நீண்ட வரலாறு ஒரு பக்கம். தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை நீக்க 2006இல் இயற்றிய சட்டம், அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் தந்த 2021ஆம் ஆண்டுச் சட்டம், இவையெல்லாம் மறுபக்கம். இவைதான் நாம் திரும்பக் கட்டிய கல் படிக்கட்டுகள். ஆனால் ஏறிப் போனவர்களுக்கு உள்ளே என்ன கிடைக்கிறது? முதல் தலைமுறையாக உள்ளே போகிற பெண்ணும் பையனும் இங்கிலீஷ் பாடநூலை மனப்பாடம் செய்து, ஊரில் பார்த்ததை மறந்துவிட்டுத்தான் தேற வேண்டியிருக்கிறது. கயிற்றுக்கு உள்ளே போயாயிற்று, கயிறு இருக்கிறது.

ஆக, வேண்டியவை இரண்டு படிக்கட்டுகள். ஒன்று, இடத்துக்கு ஏறுவது. மற்றொன்று, கேள்விக்கு ஏறுவது. லண்டனில் முதலாவதை இடித்தார்கள். ஹோஷங்காபாத்தில் இரண்டாவதை. ஒன்று இருந்தால் போதும் என்று நினைக்கிற வரைக்கும் இரண்டையும் இடிப்பது சுலபமாக இருக்கும்.

7

நம்மையும் விட்டுவிட முடியாது. 1980இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் தோன்றியது. 1987இல் 'துளிர்' வந்தது. அதே ஆண்டு நாடு முழுவதிலுமிருந்து அறிவியல் கலைப்பயணங்கள் புறப்பட்டு, விஷவாயு கொன்ற போபாலில் போய் முடிந்தன. அந்தப் பத்தாண்டுகளின் உற்சாகத்தில் நானும் ஒரு கலைக்குழுவோடு சில ஊர்களுக்குப் போனேன். கிரகணம் பற்றி, சாமியாடி பற்றி, சூரியக் குடும்பம் பற்றிப் பாடினோம், நடித்தோம். ஒரு கடலோர ஊரில் நாடகம் முடிந்ததும் ஒரு பாட்டி கேட்டார்: "இதெல்லாம் சரி தம்பி, எங்க கெணத்துத் தண்ணி ஏன் உப்பாப் போச்சு? அதச் சொல்லு."

எங்கள் பிரதியில் அது இல்லை. 'அதையும் ஒரு நாள் பேசுவோம் பாட்டி' என்று சொல்லிவிட்டு ஜமுக்காளத்தை மடித்தோம். திரும்பப் போகவில்லை. கல்லூரி மாணவர் என்னை லைனில் போகச் சொன்னதற்கும் நான் பாட்டியிடம் சொன்னதற்கும் என்ன வித்தியாசம்? நான் மரியாதையாகச் சொன்னேன், அவ்வளவுதான்.

இன்று பெரிய பல்கலைக்கழகங்கள் கோடை முகாம், ரோபோ பயிற்சி, திறந்த நாள் என்று நிறைய நடத்துகின்றன. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு பிள்ளைக்கு நுண்ணோக்கி வழியாகப் பார்க்கிற முதல் அனுபவம் வாழ்க்கையையே திருப்பிவிடலாம். ஆனால் தோழர்கள் அடுத்த முறை இப்படியொரு நிகழ்ச்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள். பிள்ளைகள் தொடலாமா? அவர்கள் கேட்டதற்குப் பதில் இல்லையென்றால் யார் தேடிக் கண்டுபிடித்துத் திரும்ப வருவார்கள்? இந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்த வாசல் நாளைக்கும் திறந்திருக்கும்?

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து சித்தப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். டூல் சென்டருக்குக் கீழே நின்றதையும், நான் சொல்லியும் யாரும் கேட்காததையும் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார்.

"அதுல யாருடா வேல செய்யப் போறா?" என்றார்.